பள்ளிக்கு அஞ்சியோரும் பள்ளி கட்டியோரும்

கல்வி வேண்டுமா, வேண்டாமா என்று இன்று நம் நாட்டில் யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை. வேண்டும் என்பதே முடிந்த முடிவு. பிள்ளையைப் படிக்க வைப்பதற்காகக் காதிலும் கழுத்திலும் கிடந்ததை அடகு வைத்த தாய்மார் ஊர்தோறும் உண்டு. ஆயினும் பாலசமுத்திரம், நெய்க்காரப்பட்டி, ஆயக்குடி போன்ற நம் பக்கத்து ஊர்த் திண்ணைகளில் வேறொரு பேச்சும் அவ்வப்போது காதில் விழும். "காலேசுக்குப் போனவன் இனிமே மம்பட்டி தூக்குவானா? ஊர்ல தங்குவானா?" என்பதே அப்பேச்சு. பெருமையும் அச்சமும் ஒருங்கே கலந்த பேச்சு அது. பிள்ளை உயர வேண்டும் என்ற ஆசை ஒருபுறம். உயர்ந்த பிள்ளை நம்மை விட்டுப் போய்விடுவான் என்ற கலக்கம் மறுபுறம்.

இந்தக் கலக்கத்தையே தன் வரலாறாகக் கொண்ட ஒரு சமயக் கூட்டம் உலகில் உண்டு. மென்னோனைட் கிறித்தவர் என்பது அவர்களுக்குப் பெயர். பள்ளிக்கூடத்தை எவர் நடத்துவது என்ற ஒரே கேள்விக்காக அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் விளைந்த நிலத்தையும் கட்டிய வீட்டையும் விற்றுவிட்டு நாடு பெயர்ந்தனர். அதே சமயத்தாருள் வேறு சிலர் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டினர். ஒரே வேதநூல், ஒரே முன்னோர்; எனினும் பள்ளியைப் பற்றி இருவேறு நிலை. இது எவ்வாறு நேர்ந்தது, இதில் நாம் கற்கத்தக்கது யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

யார் இவர்கள்?

1525-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இவ்வியக்கம் தோன்றியது. பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் பொருளில்லை. வயது வந்து, தானே அறிந்து, தானே விரும்பிக் கேட்பவனுக்கே அது தரப்படவேண்டும் என்பது இவர்களது கொள்கை. ஆகவே 'மறுஞானஸ்நானக்காரர்' என்று பிறர் இவர்களை இகழ்ந்து அழைத்தனர். போருக்குச் செல்வதில்லை, ஆணையிட்டுச் சத்தியம் செய்வதில்லை, அரசின் வாளுக்கும் சபைக்கும் தொடர்பு கூடாது என்பவையும் இவர்களது நெறிகள். அக்காலத்து அரசுகளுக்கு இவை பொறுக்கவில்லை. கத்தோலிக்க அரசரும் சீர்திருத்தச் சபையாரும் ஒன்றுபோலவே இவர்களை வேட்டையாடினர். பின்னர் நெதர்லாந்தின் பிரீஸ்லாந்துப் பகுதியில் பாதிரியாராக இருந்த மென்னோ சைமன்சு என்பார் 1536-இல் தம் பதவியைத் துறந்து, சிதறிக் கிடந்த இக்கூட்டத்தாரை ஒருங்கு திரட்டினார். அவர் பெயரே இவர்களுக்கு நிலைத்தது. 1693-இல் யாக்கோபு அம்மான் என்பவரின் தலைமையில் இன்னும் கடுமையான ஒழுங்கை வேண்டிப் பிரிந்தவர்களே அமெரிக்காவில் குதிரை வண்டியோடு வாழும் ஆமிஷ் மக்கள்.

கற்றவரால் பிறந்து கற்றவரை ஐயுற்ற கூட்டம்

இவ்வியக்கத்தின் முதல் தலைவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கொன்ராட் கிரேபெல் வியன்னாவிலும் பாரிசிலும் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர். பல்தசார் ஹூப்மையர் இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனால் ஃபெலிக்சு மான்சு 1527-இல் சூரிச் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். ஹூப்மையர் 1528-இல் வியன்னாவில் எரிக்கப்பட்டார். கிரேபெல் அதற்கு முன்பே நோயால் மாண்டார். கற்ற தலைமை ஒரு சில ஆண்டுகளிலேயே அழிந்தது. எஞ்சியவர்கள் உழவரும் நெசவாளரும் கைவினைஞருமே.

அவர்களைப் பிடித்து விசாரித்தவர்களும், வாதிட்டு மடக்கியவர்களும், தண்டனைக்கு நியாயம் எழுதியவர்களும் யார்? பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற இறையியல் அறிஞர்கள். ஆகவே 'அதிகம் படித்தவன் அதிகம் பிறழ்ந்தவன்' என்ற ஜெர்மானியப் பழமொழி இவர்கள் வாயில் எளிதாக ஏறியது. கல்வி என்றால் அதிகாரத்தின் கருவி என்ற எண்ணம் துன்பத்தின் வழியே நெஞ்சில் பதிந்துவிட்டது.

ஆயினும் எழுத்தறிவை அவர்கள் கைவிடவில்லை. கைவிடவும் இயலாது. ஒவ்வொருவனும் தானே அறிந்து நம்ப வேண்டும் என்பது கொள்கையானால், ஒவ்வொருவனுக்கும் வேதநூலைத் தானே படிக்கத் தெரியவேண்டுமன்றோ? எனவே குடியானவனின் மகனும் மகளும் எழுத்துக் கற்பது கட்டாயமாயிற்று. எழுத்து வேண்டும், ஆனால் எழுத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது மென்னோனைட் கல்விக் கொள்கையின் சாரம் எனலாம்.

அந்த எல்லைக்குள்ளும் அன்பு மிக்க ஆசிரியர்கள் தோன்றினர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்டோபர் டோக் என்பார் அவர்களுள் முதன்மையானவர். ஸ்கிப்பாக், சால்ஃபோர்டு என்னும் இரண்டு ஊர்ப் பள்ளிகளில் வாரத்தில் மும்மூன்று நாள் பாடம் சொன்னார். பிரம்பை நம்பாமல் பிள்ளையின் இயல்பை அறிந்து நடத்தினார். நன்கு படித்த பிள்ளைக்குப் பூவும் பறவையும் தம் கையாலேயே வரைந்து பரிசளித்தார். ஒரு பள்ளிப் பிள்ளைகளை மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் செய்து, தாமே அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் 1750-இல் எழுதி, 1770-இல் அச்சேறிய பள்ளி ஒழுங்கு நூல், அமெரிக்காவில் ஆசிரியத் தொழிலைப் பற்றி வெளிவந்த முதல் நூல் என்று போற்றப்படுகிறது. 1771-இல் ஒரு நாள் பள்ளி முடிந்தபின், பிள்ளைகளுக்காக முழந்தாளிட்டு வேண்டிய நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

பள்ளிக்காக நாடு பெயர்ந்தோர்

மென்னோனைட்டுகள் கைதேர்ந்த உழவர். போலந்தின் விஸ்துலா ஆற்று முகத்துவாரச் சதுப்பில் வடிகால் வெட்டி வயலாக்கினர். பின்னர் ருசியப் பேரரசி காதரீன் விடுத்த அழைப்பை ஏற்று, 1789 முதல் இன்றைய உக்ரைன் நாட்டுப் புல்வெளிகளில் குடியேறினர். 'உங்கள் சமயத்தில் தலையிடோம், படைக்கு அழையோம்' என்பது அங்கே அவர்களுக்குக் கிடைத்த வாக்கு. அவ்வாக்கு 1870-களில் தளர்ந்தது. படைச்சேவையும் ருசிய மொழியும் வாயிற்படி ஏறின. ஏறத்தாழ 18,000 பேர் வட அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். அவர்களுள் 7,000 பேர் கனடாவின் மானிட்டோபா மாகாணத்தை அடைந்தனர்.

கனடா நடுவண் அரசு 1873-இல் எழுத்து மூலமாக ஓர் உறுதி கொடுத்திருந்தது. பிள்ளைகளைத் தம் சமய முறைப்படி தாமே கற்பிக்கும் உரிமை அதில் அடங்கியிருந்தது. அதை நம்பி அவர்கள் ஊர்கள் அமைத்தனர். ஊருக்கொரு பள்ளியும் அமைத்தனர். பழங்குடியிருப்பார் எனப்படும் பழமை மாறாப் பிரிவினரின் பள்ளி எப்படியிருந்தது என்பதை அறிந்தால் வியப்பு உண்டாகும். ஓர் அறை, ஓர் ஆசிரியர். அவரும் ஊரில் ஒரு குடியானவரே. அறுப்புக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில் மட்டும் பள்ளி. பாடங்கள் நான்கே படி: முதலில் அரிச்சுவடி, பிறகு ஞான வினாவிடை, பிறகு புதிய ஏற்பாடு, இறுதியில் முழு வேதநூல். உடன் கொஞ்சம் கணக்கு. பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலும், ஆண் பிள்ளைகள் பதின்மூன்று வயதிலும் பள்ளியை விட்டு அடுக்களைக்கும் வயலுக்கும் செல்வர். நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை இது நினைவூட்டவில்லையா?

1916-இல், முதல் உலகப் போரின் நடுவே, மானிட்டோபா மாகாண அரசு கட்டாயக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. ஆங்கிலம் ஒன்றே பயிற்றுமொழி என்றது. ஜெர்மன் மொழிப் பள்ளிகள் போதாதவை எனத் தள்ளப்பட்டன. அரசுப் பள்ளிகள் கட்டப்பட்டன, கொடி ஏற்றப்பட்டது. பிள்ளையை அனுப்பாத தந்தையருக்கு அபராதம், சிலருக்குச் சிறை. 1873-ஆம் ஆண்டின் உறுதிமொழியைக் காட்டி அவர்கள் நீதிமன்றம் சென்றனர். கல்வி மாகாணத்தின் அதிகாரம். நடுவண் அரசு அதில் வாக்குக் கொடுக்கவே உரிமையில்லை என்று 1919-இல் தீர்ப்பாயிற்று. கல்வி மாநிலத்துக்கா, நடுவணுக்கா என்னும் வழக்கை 1976-இன் அரசியலமைப்புத் திருத்தத்திற்குப் பின் நன்கறிந்த நமக்கு, அத்தீர்ப்பின் பொருள் எளிதில் விளங்கும். இரண்டு அரசுகளுக்கு நடுவே ஒரு சிறு கூட்டம் நசுங்கியது.

மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் ஒப்ரேகோன் 1921-இல் 'எங்கள் நாட்டுக்கு வாருங்கள்; உங்கள் பள்ளியில் தலையிடோம்' என்று எழுத்து கொடுத்தார். 1922 முதல் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 6,000 பேர் ஏர், கலப்பை, ஆடு மாடு, குதிரைகளோடு தொடர்வண்டி ஏறி, சிவாவா மாநிலத்தின் வறண்ட மேட்டுநிலத்திற்குச் சென்றனர். வேறு சிலர் 1926-27-இல் பராகுவே நாட்டின் சாக்கோ முட்காட்டுக்குச் சென்றனர். பஞ்சத்துக்கு அஞ்சி ஊர் பெயர்ந்தவர்களை நாம் அறிவோம். பள்ளிக்கூடத்துக்கு அஞ்சி ஊர் பெயர்ந்தவர்கள் இவர்களே போலும்.

எல்லாரும் போய்விடவில்லை என்பதையும் கூறவேண்டும். மானிட்டோபாவிலேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி கண்டு, ஆங்கிலமும் ஜெர்மனும் ஒருங்கே கற்பித்த மென்னோனைட்டுகளும் இருந்தனர். அமெரிக்காவில் 1887-இல் பெத்தேல் கல்லூரியும், 1894-இல் தொடங்கிய ஒரு சிறு கல்வி நிலையத்திலிருந்து கோஷென் கல்லூரியும் எழுந்தன. அங்கும் ஐயம் ஓயவில்லை. புதுமைக் கருத்துகள் மிகுந்துவிட்டன என்று அஞ்சிய சபைத் தலைவர்கள் 1923-இல் கோஷென் கல்லூரியை ஓராண்டு முழுவதும் மூடி வைத்தனர். கல்லூரியைத் தாமே கட்டி, தாமே அஞ்சி, தாமே பூட்டி, மீண்டும் தாமே திறந்தார்கள். மென்னோனைட் மனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

இந்தியாவுக்கு வந்தோர்

ருசிய மென்னோனைட் சகோதர சபையைச் சேர்ந்த ஆபிரகாம் ஃபிரீசன் 1889-இல் தெலுங்கு நாட்டிற்கு வந்து நல்கொண்டாவில் பணி தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து அதே சபையார் 1899-இல் ஐதராபாத்தை அடைந்து, பின்னர் மெகபூப்நகர்ப் பகுதி முழுவதும் பரவினர். மற்றொரு பிரிவார் அதே 1899-இல் இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்துத் தம்தரியிலும், மூன்றாம் பிரிவார் சற்றுப் பின்னர் சாம்பா, ஜாஞ்ச்கீர் ஊர்களிலும் கால் ஊன்றினர்.

அவர்கள் வந்து இறங்கிய காலம் கொடும் பஞ்சக் காலம். 1899-1900 ஆண்டுகளின் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் தம்தரியில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை வளர்ப்பது என்றால் சோறு மட்டும் போதாது. எழுத்தும் ஒரு கைத்தொழிலும் வேண்டும். இவ்வாறு அனாதை இல்லமே பள்ளிக்கூடமாயிற்று. 1906-இல் பாலோத்கஹான் என்னும் கிராமத்தையே விலைக்கு வாங்கி, வளர்ந்த பிள்ளைகளுக்கு உழவும் குடியிருப்பும் அமைத்துக் கொடுத்தனர். கனடாப் புல்வெளியிலும் ருசியப் புல்வெளியிலும் அவர்கள் கண்ட ஊர் அமைப்பு, வேறு வடிவில் இந்திய மண்ணில் முளைத்தது எனலாம்.

ஆனி ஃபங்க் என்னும் பெண்மணி 1906-இல் வந்து ஜாஞ்ச்கீரில் சிறுமியர்க்கென ஓரறைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இந்தி கற்று இந்தியிலேயே கற்பித்தார். தாயின் நோய்ச் செய்தி கேட்டு 1912-இல் ஊர் திரும்பியபோது, நிலக்கரி வேலைநிறுத்தத்தால் முதலில் ஏறவேண்டிய கப்பல் ஓடவில்லை. மாற்றுச் சீட்டு டைட்டானிக் கப்பலுக்குக் கிடைத்தது. ஏப்ரல் 15-ஆம் நாள் அவர் கடலில் மறைந்தார். அவருடைய பள்ளி பின்னர் அவர் பெயரையே தாங்கியது.

தெலுங்கு நாட்டில் இச்சபைகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஊர்ப் பள்ளியின் படியை மிதிக்கவும் வழியற்றிருந்தவர்கள். அவர்களுக்கு மிஷன் பள்ளியும் விடுதியும் என்னவாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேதநூலைத் தானே வாசிக்க வேண்டும் என்பதற்காகக் கற்ற அதே எழுத்து, பத்திரத்தை வாசிக்கவும், மனு எழுதவும், ஆசிரியராகவும் தாதியாகவும் ஆகவும் உதவியது. மெக்சிகோவில் ஊரைச் சுற்றி வேலியாக நின்ற நான்கு படிப் பாடம், மெகபூப்நகரில் ஊரின் கட்டை அவிழ்க்கும் சாவியாயிற்று.

நம் மலைமேல் ஒரு பள்ளி

இவ்வரலாறு நமக்கு அயலானது என்று எண்ணவேண்டா. பாலசமுத்திரத்திலிருந்து தெற்கே நோக்கினால், பாலாறு பொருந்தலாறு அணைக்கும் அப்பால் பழனி மலைத்தொடர் வானை மறைத்து நிற்கும். அம்மலையின் மேல், கொடைக்கானலில், 1901-இல் அமெரிக்க மிஷனரிகள் தம் பிள்ளைகளுக்கென 'ஹைகிளெர்க்' என்னும் பெயரால் ஒரு பள்ளி தொடங்கினர். இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி என வழங்குவது அதுவே. திண்டுக்கல், பழனி, வத்தலக்குண்டு ஊர்களில் பணிசெய்த அமெரிக்க மதுரை மிஷனார் மென்னோனைட்டுகள் அல்லர், வேறு சபையார். ஆயினும் தெலுங்கு நாட்டு மென்னோனைட் மிஷனரிகளின் பிள்ளைகளும் இம்மலைப் பள்ளிக்கே வந்து பயின்றனர். ஷம்ஷாபாத்தில் 1932-இல் பிறந்த பால் ஹீபர்ட் அவர்களுள் ஒருவர். பின்னாளில் மானிடவியல் பேராசிரியராகி, 'கொண்டூரு' என்னும் தெலுங்குக் கிராமத்தைப் பற்றி 1971-இல் நூல் எழுதியவர் அவர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஊர்ப் பள்ளிக்கு மேல் வேண்டா என்று சொன்ன முன்னோரின் வழித்தோன்றல்கள், தம் பிள்ளைகளைப் பெற்றோரை விட்டுப் பிரித்து, நூற்றுக்கணக்கான கல் தொலைவில் மலைமேல் விடுதியில் விட்டனர். கல்வி பிள்ளையைப் பிரித்துவிடும் என்ற பழைய அச்சம் இவர்களிடம் உண்மையாகவே பலித்தது. அவர்களோ அதை விலையாகக் கொடுக்க இசைந்தனர். சமவெளியில் தெலுங்குப் பிள்ளைக்குத் தெலுங்குப் பள்ளி. மலையில் மிஷனரி பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளி. ஊழியத்தில் சமத்துவம் பேசிய இடத்திலும் கல்வியில் இரண்டு படிகள் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

வழக்குமன்றத்தில் ஒரு கேள்வி

பள்ளியை மறுக்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டா? இக்கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து, 1972 மே 15-இல் தீர்ந்தது. விஸ்கான்சின் மாநிலச் சட்டம் பதினாறு வயது வரை பள்ளி கட்டாயம் என்றது. எட்டாம் வகுப்போடு போதும் என்று பிள்ளைகளை நிறுத்திய மூன்று தந்தையர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. இருவர் ஆமிஷ், ஒருவர் பழமை பேணும் ஆமிஷ் மென்னோனைட் சபையினர். அபராதம் ஆளுக்கு ஐந்து டாலர்தான். ஆனால் அவர்கள் கேட்டது கொள்கை.

நீதிமன்றம் பெற்றோர் பக்கமே தீர்ப்பளித்தது. இம்மக்கள் பிச்சையெடுப்பதில்லை, அரசுக்குச் சுமையாவதில்லை, தம் பிள்ளைகளுக்கு உழவும் இல்லறமும் திறம்படக் கற்பிக்கின்றனர். மூன்று நூற்றாண்டு வாழ்வே அதற்குச் சான்று என்றது. ஆயினும் நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டார். தந்தையின் உரிமையைக் கேட்டோம், அரசின் உரிமையைக் கேட்டோம், பிள்ளையை யாராவது கேட்டோமா என்பதே அவர் எழுப்பிய வினாவின் கருத்து. மூன்று வீட்டுப் பிள்ளைகளில் ஒரு பெண்தான் சாட்சிக் கூண்டேறித் தன் விருப்பத்தைச் சொல்லியிருந்தாள். அவள் பெற்றோர் வழியையே விரும்பினாள். மற்றப் பிள்ளைகளின் நெஞ்சில் இருந்தது என்ன என்பதை எவரும் கேட்டுப் பதியவில்லை.

அவ்வினாவின் கனம் மெக்சிகோவிலும் பொலிவியாவிலும் நன்கு புலப்பட்டது. நிலம் இருக்கும்வரை நான்கு படிப் பாடம் போதுமானதாகத் தோன்றியது. குடும்பங்கள் பெருகி நிலம் சுருங்கியபோது, நிலமற்ற இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியே வேலை தேட நேர்ந்தது. அவர்கள் வீட்டில் பேசியது தாழ்ஜெர்மன். பள்ளியில் மனப்பாடம் செய்தது ஏட்டு ஜெர்மன். சந்தையிலும் அலுவலகத்திலும் வழங்கியது ஸ்பானிய மொழி. பலர் மீண்டும் கனடாவுக்கே வந்து கூலிவேலையில் சேர்ந்தனர். நாட்டின் மொழி கற்பிக்கப்படாத பெண்களுக்கு வீட்டுக்கு வெளியே குறை சொல்லவும் வழியில்லாது போயிற்று. காக்க எழுப்பிய வேலி, காலம் மாறியபோது சிறையாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இது சான்று.

நாம் கண்ட விடை

தமிழ்நாட்டிலும் இக்கேள்வி ஒரு முறை அரசாணையாகவே வந்தது. சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வகுத்தார். நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரம் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்பது அதன் சாரம். பள்ளிகள் குறைவு, பணம் குறைவு. நேரத்தைப் பகுத்தால் அதே கட்டிடத்தில் இருமடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு கூறிய காரணம். வெறும் ஏட்டுப்படிப்பு கையை முடமாக்கும் என்ற கருத்தும் அதில் உண்டு. மென்னோனைட் பெரியவர் ஒருவர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

தமிழ்நாடு தலையசைக்கவில்லை. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின் ஊர்தோறும் பள்ளி என்றும், 1956-இல் மதிய உணவு என்றும் வரலாறு வேறு பாதையில் சென்றது.

தந்தையின் தொழிலைக் கற்பதில் இழிவு என்ன? உழவும் தறியும் இழிந்தவையா? இல்லவே இல்லை. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. மானிட்டோபாக் குடியானவன் 'என் மகனுக்கு என் ஏர் போதும்' என்று தன் பிள்ளையைப் பற்றித் தானே சொன்னான். அவன் நிலத்துக்கு உரியவன். ஊரில் எவருக்கும் தாழ்ந்தவன் அல்லன். இங்கோ, தோட்டியின் மகனுக்குத் தந்தையின் தொழில் போதும் என்பதை மேலிருந்த ஒருவர் சொல்வதாக ஆயிற்று. வக்கீலின் மகன் வீட்டில் சட்டப் புத்தகம் காண்பான். செருப்புத் தைப்பவரின் மகன் ஊசியைக் காண்பான். ஒரே சொல், சொல்பவரையும் கேட்பவரையும் பொறுத்து உரிமையாகவும் ஆகிறது, விலங்காகவும் ஆகிறது.

கைத்தொழிலும் கல்வியும் சேர வேறு வழி உண்டா? உண்டு என்று காட்ட முயன்றதே 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி. அதில் கைத்தொழில் எந்தச் சாதிக்கும் உரியதன்று. எல்லாப் பிள்ளையும் ஒருங்கே அமர்ந்து நூற்கும், அந்நூற்பின் வழியே கணக்கும் வரலாறும் கற்கும். நம் மாவட்டத்தில் சின்னாளபட்டிக்கு அருகே டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் இக்கொள்கையின் நிலமாக விளங்கியது. பெற்றோரின் தொழிலுக்குப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது ஒன்று. எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் ஒரு தொழிலைக் கொண்டுவருவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் ஆகாது.

முடிவாக

மென்னோனைட் வரலாற்றைப் படித்து 'பழமைவாதிகள்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் எளிது. அது நீதியாகாது. கல்வி யாருக்குப் பணி செய்யவேண்டும், எதைக் காக்கவேண்டும், படித்தவன் தன் மக்களுக்கு என்னவாக இருப்பான் என்ற கேள்விகளை நம்மைவிட ஆழமாக அவர்கள் கேட்டனர். பட்டம் பெற்றதும் ஊரின் வாய்க்கால் எது, குளம் எது என்று மறந்துபோகும் நமக்கு அக்கேள்விகள் தேவை.

ஆயினும் அவர்களுடைய விடை முழுவதும் நமக்கு ஒத்துவராது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படை உரிமை என்று 2002-இல் அரசியலமைப்பைத் திருத்தினோம். 2009-இல் அதற்குச் சட்டமும் இயற்றினோம். அவ்வுரிமை பெற்றோர்க்கு உரியதாக எழுதப்படவில்லை. சாதிக்கோ சமயத்துக்கோ உரியதாகவும் எழுதப்படவில்லை. பிள்ளையின் பெயராலேயே எழுதப்பட்டது. டக்ளஸ் கேட்ட கேள்விக்கு நம் நாடு தந்த விடையாக அதைக் கொள்ளலாம்.

வயது வந்தவன் தானே அறிந்து, தானே விரும்பி ஏற்பதே உண்மையான ஞானஸ்நானம் என்று சொல்லி உயிர் கொடுத்தவர்கள் மென்னோனைட்டுகளின் முன்னோர். அந்த ஒரு கொள்கையைப் பள்ளிக்கூடத்திற்கும் பொருத்திப் பார்த்தால் போதும். ஊரில் தங்குவதா, ஊரைவிட்டுச் செல்வதா, ஏரைப் பிடிப்பதா, ஏட்டைப் பிடிப்பதா என்பதைப் பிள்ளை தானே அறிந்து, தானே விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுப்பதற்கு முதலில் இரண்டும் அவன் கைக்கு எட்டவேண்டும், அவளுக்கும் எட்டவேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறியுள்ள நம்மில் பலருக்கு ஏடு எட்டிவிட்டது. ஏரைப் பிடித்திருக்கும் கைகளை மறவாதிருப்பது இனி நம் பொறுப்பு.